பிட்காயினின் கையொப்பம் உடைந்தால்: இன்று செய்யவேண்டியதும் அன்று செய்யக்கூடாததும்

பிட்காயினின் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது செலவழிப்பவர் சொந்தக்காரர்தான் என்று நிரூபிக்கும் கணித முத்திரையை, உடைத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் நம்பத்தகுந்த செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காயின் வைத்திருக்கும் யாருக்கும் உடனே தோன்றுவது, உள்ளதையெல்லாம் வேறு முகவரிக்கு மாற்றிவிட வேண்டும் என்பதுதான். சில விபத்துகளில் அது சரியான முடிவு. ஆனால் கையொப்பமே உடைந்த விபத்தில், அதுவரை பத்திரமாக இருந்த காயினைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது அந்த அவசரமாகவே இருக்கலாம். எப்போது ஓட வேண்டும், எப்போது அசையாமல் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது.

பெரும்பாலும் பிட்காயினை வைத்தே சொல்கிறேன். எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க் வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிடுகிறேன்.

முதலில், எது உடையலாம்?

ஒரு வாலட் உருவாகும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. யாராலும் ஊகிக்க முடியாத ஒரு ரேண்டம் எண் பிறக்கிறது. காயினைச் செலவழிக்க உதவும் ரகசிய எண்ணான பிரைவேட் கீக்கு அதுதான் மூலம். பிரைவேட் கீயிலிருந்து செக்பி256கே1 என்ற நீள்வட்ட வளைவின் கணிதம் மூலம், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பப்ளிக் கீ கிடைக்கிறது. அந்தப் பப்ளிக் கீயை ஷா-256, ரைப்எம்டி-160 என்ற இரண்டு ஹாஷ்களில் (தரவைப் பின்னோக்கிப் பிரிக்க முடியாதபடி சுருக்கும் கணக்குகளில்) அடுத்தடுத்துப் போட்டு எடுத்தால் வழக்கமான முகவரி. இந்த மூன்றில் எது பழுதானாலும் காயின் போகலாம். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ரேண்டம் எண் ஏற்கெனவே பலமுறை சறுக்கியிருக்கிறது. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் ரேண்டம் எண் வசதியில் இருந்த குறையால், அந்தப் போன்களில் இயங்கிய பிட்காயின் வாலட்களிலிருந்து காயின் திருடுபோனது. 2023-ல் லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியின் கதை இன்னும் மோசம். 256 பிட் பலத்தோடு பிறக்கவேண்டிய சீட்கள் (வாலட்டின் எல்லாக் கீகளுக்கும் மூலமான ரகசியங்கள்) வெறும் 32 பிட் பலத்தோடு பிறந்திருந்தன. அதாவது மொத்தமே சுமார் 430 கோடி சாத்தியங்கள். ஒரு சாதாரணக் கணினியே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும். அந்த ஜூலையில் பலருடைய வாலட்கள் காலியான பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குவாண்டம் கணினியைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. மூன்றில் உங்களைத் தாக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான் என்பது என் கணிப்பு.

அடுத்தது அந்த வளைவின் கணிதத்தை நம்பி நிற்கும் கையொப்பம். பப்ளிக் கீயிலிருந்து பிரைவேட் கீயைக் கண்டுபிடிக்கும் வழியைப் பீட்டர் ஷோர் 1994-லேயே எழுதிவிட்டார். அதை ஓட்டுவதற்குப் போதிய குவாண்டம் கணினிதான் இல்லை. 256 பிட் வளைவை உடைக்கச் சுமார் 2,330 லாஜிக்கல் க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிழை திருத்தப்பட்ட அடிப்படை அலகு) வேண்டும் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு லாஜிக்கல் க்யூபிட்டைத் தாங்க ஏராளமான சாதாரண க்யூபிட்கள் தேவை. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சிப்பில் இருந்தவை மொத்தம் 105 சாதாரண க்யூபிட்கள். தூரம் அதிகம்தான். ஆனால் 2,048 பிட் ஆர்எஸ்ஏ என்ற வேறொரு குறியாக்க முறையை உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்டவர்களில் ஒருவரான கூகுளின் கிரேக் கிட்னி, 2025 மே மாதம் அதை 10 லட்சத்துக்கும் கீழே இறக்கிக் காட்டினார். பிட்காயினில் ஆர்எஸ்ஏ இல்லை. இருந்தாலும் கணக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. இந்த வகைக் கையொப்பங்களை 2035-க்குப் பிறகு அனுமதிக்கப்போவதில்லை என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டும் தன் வரைவுத் திட்டத்தில் சொல்லியிருக்கிறது.

ஹாஷ் பற்றி எனக்குக் கவலை குறைவு. குவாண்டம் கணினியாலும் ஷா-256-இன் பலத்தைப் பாதியாகத்தான் குறைக்க முடியும். 256 பிட் என்பது 128 பிட் ஆகும், அதுவே போதும். ஹாஷ்கள் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் உடைகின்றன. ஷா-1-இல் ஓட்டை இருப்பது 2005-ல் தெரிந்தது. இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வருவதை நிஜமாகவே காட்ட 2017 பிப்ரவரி வரை ஆனது. இதில் ஓர் அருமையான விஷயம் உண்டு. ஷா-1-ஐ உடைப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பீட்டர் டாட் என்ற டெவலப்பர் 2013-ல் ஒரு பிட்காயின் முகவரியில் பரிசுத்தொகை கட்டிவைத்திருந்தார். அந்த 2017 அறிவிப்பு வந்ததும் யாரோ அதிலிருந்த 2.48 பிட்காயினை எடுத்துக்கொண்டார்கள்.

படி 1: உங்கள் பப்ளிக் கீ வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்

கையொப்பம் உடைந்தாலும், திருடனுக்கு வேலை தொடங்கப் பப்ளிக் கீ வேண்டும். முகவரியில் இருப்பது அதன் ஹாஷ் மட்டும். ஆகவே பப்ளிக் கீ வெளிவராத காயின், கையொப்பம் உடைந்த பிறகும் ஹாஷின் பின்னால் ஒளிந்திருக்கிறது. உங்கள் நிலைமை இந்த ஒரே கேள்வியில் இருக்கிறது.

1 என்று தொடங்கும் பழைய முகவரிகளும், பிசி1க்யூ (bc1q) என்று தொடங்கும் செக்விட் முகவரிகளும், 3 என்று தொடங்குபவையும் ஹாஷைத்தான் காட்டுகின்றன. பிசி1பி (bc1p) என்று தொடங்கும் டேப்ரூட் முகவரி அப்படியல்ல. 2021 நவம்பரில் வந்த இந்த வகையில் முகவரிக்குள்ளேயே பப்ளிக் கீ இருக்கிறது; காயின் வந்து சேர்ந்த அன்றே அது ஊருக்குத் தெரியும். புது வகை என்பதால் இதுதான் அதிகப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு விஷயத்தில் நிலைமை நேர் எதிர். 2009, 2010-இல் மைனிங் செய்தவர்களுக்குக் கிடைத்த காயின்களிலும் பப்ளிக் கீ அப்படியே திறந்து கிடக்கிறது. அப்படிக் கிடப்பவை மொத்தம் சுமார் 17 லட்சம் பிட்காயின் என்று மதிப்பிடுகிறார்கள். பிட்காயினை உருவாக்கிய சடோஷி எடுத்ததாகக் கருதப்படும் சுமார் 11 லட்சமும் இதில் அடக்கம்.

மற்ற வகைகளில், ஒரு முகவரியிலிருந்து முதல் முறை செலவழிக்கும்போது பப்ளிக் கீ வெளியே வருகிறது. நீங்களே பார்க்கலாம். பிசி1க்யூ முகவரி ஒன்றிலிருந்து நீங்கள் அனுப்பிய பழைய பரிவர்த்தனையை ஏதாவது பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளத்தில்) திறந்து, விவரங்கள் பகுதியை விரியுங்கள். விட்னஸ் என்ற இடத்தில் இரண்டு நீண்ட வரிகள் இருக்கும். 30 என்று தொடங்கும் முதல் வரி உங்கள் கையொப்பம். 02 அல்லது 03 என்று தொடங்கி, சரியாக 66 எழுத்துகள் கொண்ட இரண்டாவது வரிதான் உங்கள் பப்ளிக் கீ. இனி அதை யாராலும் அழிக்க முடியாது. அந்த முகவரியில் இன்னும் பணம் மீதி இருந்தால், அல்லது யாராவது மறுபடி அதே முகவரிக்கு அனுப்பியிருந்தால், அந்தப் பணம் ஆபத்துப் பட்டியலில் சேரும்.

இந்தச் சோதனைக்காக உங்கள் எல்லா முகவரிகளையும் ஒரே எக்ஸ்ப்ளோரரில் வரிசையாகத் தேடாதீர்கள். அவை ஒரே ஆளுடையவை என்று அந்தத் தளத்துக்கு நீங்களே சொல்லிக்கொடுத்தது போலாகும். வாலட் ஆப்பிலேயே எந்த முகவரி எத்தனை முறை பயன்பட்டது என்று பெரும்பாலும் பார்க்க முடியும்.

பிளாக்செயின் என்ற பிட்காயினின் பொதுப் பதிவேட்டில் தெரியாமலேயே கீ வெளியான வழிகளும் உண்டு. இவற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2017 ஆகஸ்டில் பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் என்ற தனிக் காயின் பிரிந்தபோது அதே கீயை வைத்து அந்தக் காயினை எடுத்து விற்றீர்களா? அப்படியானால் உங்கள் பப்ளிக் கீ அந்தச் சங்கிலியில் பதிவாகிவிட்டது. முகவரி என்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு செய்தியில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாலும் அதேதான். எக்ஸ்பப் என்ற நீண்ட குறியீட்டை ஒரு போர்ட்ஃபோலியோ ஆப்பில் ஒட்டியிருந்தால் விஷயம் இன்னும் பெரிது. அதிலிருந்து அந்தக் கணக்கின் எல்லாப் பப்ளிக் கீகளையும் வரவழைக்கலாம். பல ஹார்ட்வேர் வாலட்களின் துணை ஆப்கள் மீதியைக் காட்டுவதற்காக இதைத் தங்கள் சர்வருக்கு அனுப்புகின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

எத்தீரியத்தில் ஒரே கணக்கையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், ஒரே ஒரு முறை எதையாவது அனுப்பியிருந்தாலும் கீ வெளியே வந்தாயிற்று. இதுவரை பெற்றுக்கொள்ள மட்டுமே செய்த கணக்குதான் மறைவில் இருக்கிறது.

படி 2: திறந்து கிடப்பதை ஒளித்து வையுங்கள்

ஆபத்துப் பட்டியலில் இருப்பதை, இதுவரை பயன்படுத்தாத ஒரு பிசி1க்யூ முகவரிக்கு மாற்றுங்கள். இன்று இதைச் செய்வதில் ஆபத்து இல்லை. அன்றைக்குச் செய்தால் இருக்கிறது. அப்புறம் அந்த முகவரியிலிருந்து கொஞ்சம் எடுக்க நேர்ந்தால், மீதி முழுவதும் புது முகவரிக்குப் போக வேண்டும். இன்றைய நல்ல வாலட்கள் இதைத் தாமாகவே செய்யும். மாற்று முகவரி என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் எல் சால்வடோர் அரசு இதையே செய்தது. ஒரே முகவரியில் இருந்த 6,200-க்கும் மேற்பட்ட பிட்காயினைப் பிரித்து, முகவரிக்கு 500-க்கு மிகாமல் 14 முகவரிகளில் வைத்தது. குவாண்டம் ஆபத்தையே காரணமாகச் சொன்னது.

மாற்றும்போதே சில்லறைகளையும் சேர்த்துவிடுங்கள். கட்டணம் குறைவாக இருக்கும் நாளில், சிறு சிறு தொகைகளை ஒன்றாக்குவது நல்லது. காரணம் அளவுதான். பிட்காயினில் இன்று உள்ள ஷ்னோர் வகைக் கையொப்பம் 64 பைட். குவாண்டத்தைத் தாங்கும் என்று நிஸ்ட் 2024 ஆகஸ்டில் அங்கீகரித்த கையொப்பங்களில், எம்எல்-டிஎஸ்ஏ-வின் மிகச் சிறிய வடிவமே 2,420 பைட். ஹாஷை மட்டும் நம்பும் எஸ்எல்எச்-டிஎஸ்ஏ 7,856 பைட்டில்தான் தொடங்குகிறது. புது வகைக்கு எல்லோரும் மாறும் காலத்தில் பிளாக்கில் இடம் பிடிக்கப் பெரிய போட்டி இருக்கும். பிளாக் இடம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினால்கூட எல்லாக் காயின்களையும் மாற்றக் குறைந்தது 76 நாள் ஆகும் என்று கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் கணக்கிட்டார்கள். அந்த நெரிசலில் 500 ரூபாய் மதிப்புள்ள துண்டை நகர்த்தும் செலவு அதன் மதிப்பையே தாண்டிவிடலாம். சேர்ப்பதால் உங்கள் முகவரிகள் ஒன்றோடொன்று இணைந்து தெரியும் என்ற குறை உண்டு. எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு மாற்றத்தின் பரிவர்த்தனை எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி இருக்கிறது. இது விற்பனை இல்லை, என் காயினை என் முகவரிக்கே மாற்றினேன் என்று பின்னால் காட்ட அந்தக் குறிப்பு உதவும்.

படி 3: கீயை விட சீட்டைக் காப்பாற்றுங்கள்

கையொப்பம் உடைந்து, திருடனும் நீங்களும் ஒரே பிரைவேட் கீயை வைத்திருக்கிறீர்கள் என்றால் உரிமையாளர் யார் என்று நெட்வொர்க் எப்படி முடிவுசெய்யும்? இதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. 12 அல்லது 24 சீட் வார்த்தைகளிலிருந்து பிரைவேட் கீ வரும் பாதையில் ஹாஷ் படிகள் இருக்கின்றன. குவாண்டம் கணினியை வைத்து ஒருவன் பிரைவேட் கீயைப் பிடித்துவிட்டாலும், அந்த ஹாஷ்களைத் தாண்டிப் பின்னோக்கிப் போய் சீட்டைப் பிடிக்க முடியாது. ஆகவே சீட் தெரிந்தவர்தான் உண்மையான சொந்தக்காரர். சீட்டை வெளியே சொல்லாமலேயே, அது தன்னிடம் இருக்கிறது என்று கணிதமுறையில் நிரூபிக்கவும் வழி உண்டு.

எத்தீரியத்துக்கு, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2024 மார்ச்சில் முன்வைத்த அவசரத் திட்டம் இதை நம்பித்தான் நிற்கிறது. பெரிய திருட்டு தெரிந்த பிளாக்குக்கு முன்பாகச் சங்கிலியைத் திருப்பி, பழைய வகைக் கையொப்பங்களை நிறுத்தி, சீட் வைத்திருப்பதை ஸ்டார்க் என்ற சான்றால் நிரூபிப்பவர்களுக்கு மட்டும் கணக்கைத் திறந்துவிடுவது. பிட்காயினில் ஜேம்சன் லாப் என்ற டெவலப்பரும் வேறு சிலரும் 2025 ஜூலையில் வைத்த யோசனையின் கடைசிக் கட்டத்திலும் இப்படி ஒரு மீட்பு வழி சொல்லப்பட்டிருக்கிறது.

இவை இன்னும் யோசனைகள்தான். ஆனால் உங்களுக்கு இதனால் இன்றே ஒரு வேலை இருக்கிறது. பேப்பர் வாலட்டிலோ பழைய வாலட் கோப்பிலோ தனி பிரைவேட் கீயாக மட்டும் வைத்திருந்தால், இந்த மீட்பு வழி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதைச் சீட் உள்ள வாலட்டுக்கு மாற்றுங்கள். சீட் வார்த்தைகளோடு கூடுதல் பாஸ்ஃப்ரேஸ் வைத்திருந்தால் அதையும், எந்த வாலட்டில் எந்த டெரிவேஷன் பாதையில் (சீட்டிலிருந்து கீகளை வரவழைக்கும் வழியில்) உருவானது என்பதையும் எழுதிவையுங்கள். மல்டிசிக் (பல கீகள் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய வாலட்) என்றால் அதன் அமைப்புக் கோப்பு இல்லாமல் சீட்கள் மட்டும் போதாது.

படி 4: அந்த நாள் வந்தால்

செய்தி வந்ததும் முதலில் கேட்கவேண்டியது, உடைந்தது எது என்பதுதான்.

உங்கள் வாலட் மென்பொருளின் ரேண்டம் எண்ணில் குறை என்றால், ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். அந்தக் குறை இல்லாத வேறு வாலட்டில் புதிய சீட் உருவாக்கி, எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய சீட் வார்த்தைகளையே நல்ல வாலட்டில் ஏற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. பழுது சீட்டில்தான் இருக்கிறது. ஆப்பை அப்டேட் செய்தாலும் ஏற்கெனவே பிறந்த சீட் குணமாகாது.

கையொப்பமே உடைந்தது, உங்கள் பப்ளிக் கீ இதுவரை வெளிவரவில்லை என்றால், எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பு என்று அழுத்திய கணமே உங்கள் பப்ளிக் கீ மெம்பூலுக்கு, அதாவது பரிவர்த்தனைகள் எல்லோரும் பார்க்கக் காத்திருக்கும் வரிசைக்கு, போய்விடும். பிளாக்கில் ஏறச் சராசரியாக 10 நிமிடம் ஆகும். அந்த இடைவெளிக்குள் பிரைவேட் கீயைக் கணக்கிடும் வேகம் திருடனிடம் இருந்தால், அதே காயினை அதிகக் கட்டணம் கட்டித் தன் முகவரிக்குத் திருப்பிவிடுவான். அப்படியே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும், புது முகவரியையும் காப்பது அதே உடைந்த கையொப்பம்தான். உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. நெட்வொர்க் புதிய வழி அறிவிக்கும்வரை காத்திருங்கள். முதலில் ஓர் உறுதிமொழியின் ஹாஷை மட்டும் பதிந்து, நீண்ட நாள் காத்திருந்து, பிறகே கீயைத் திறந்து காட்டும் முறையை 2018-லேயே ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஏற்பாடு வந்தால், கீயை வெளியே விடாமல் காத்திருந்தவர்களுக்குத்தான் பயன்படும்.

கையொப்பம் உடைந்தது, உங்கள் கீயும் ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. சும்மா இருந்தாலும் ஆபத்து, அனுப்பினாலும் ஆபத்து. நான் என்றால் அனுப்புவேன். உட்கார்ந்திருக்கும் காயினுக்கு அவகாசம் எவ்வளவு என்றே தெரியாது; அனுப்பும்போது ஆபத்து சில நிமிடங்கள்தான், போய்ச் சேரும் இடமும் ஹாஷின் மறைவு. கட்டணத்தைத் தாராளமாக வையுங்கள். பரிவர்த்தனையை மெம்பூலில் போடாமல் மைனிங் நிறுவனத்திடம் நேராகக் கொடுக்க வழி இருந்தால் அதையே எடுங்கள்.

ஹாஷ் உடைந்தது என்றால், தனிமனிதர் செய்யக்கூடியது மிகக் குறைவு. யாரிடமிருந்தும் பணம் வாங்காதீர்கள், வந்ததாகக் காட்டும் பணத்தை நம்பிப் பொருள் கொடுக்காதீர்கள். கோளாறுக்கு முந்தைய நேர்மையான சங்கிலி எது என்று ஒப்புக்கொண்டு, அதைப் பூட்டி, புது ஹாஷோடு தொடரலாம் என்று சடோஷி 2010 ஜூனிலேயே எழுதியிருக்கிறார். அவர் எழுதிய இரண்டே மாதத்தில் வேறொரு கோளாறில் அந்த மாதிரி நடக்கவும் செய்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று மென்பொருள் பிழை ஒன்றால் 18,400 கோடிக்கும் மேல் பிட்காயின்கள் திடீரென்று முளைத்தன. சில மணி நேரத்தில் திருத்தம் வந்து, அந்தப் பிளாக்கை ஒதுக்கிய சங்கிலியே நிலைத்தது. அன்று பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். இன்று அத்தனை எளிதில் முடியாது.

காயின் எக்ஸ்சேஞ்சில் இருந்தால் முகவரியும் கீயும் அவர்களுடையவை. உங்களிடம் இருப்பது அவர்கள் தரவேண்டிய பாக்கி மட்டும். பணம் எடுப்பதை நிறுத்திவைத்தால் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. நீண்ட நாள் வைத்திருக்க நினைக்கும் தொகையை இன்றே வெளியே எடுத்து வைப்பது ஒன்றுதான் வழி.

புதிய காயின், புதிய வகை என்று யாராவது விற்க வந்தால்

குவாண்டத்தால் உடையாது என்ற பெயரில் வருவதையெல்லாம் நம்பி அவசரமாகத் தாவ வேண்டாம். நிஸ்ட் நடத்திய தேர்வில் பல சுற்றுகள் தாண்டி வந்த சைக் என்ற முறையை 2022-ல் காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இரண்டு கணித அறிஞர்கள் உடைத்தார்கள். குவாண்டம் கணினி இல்லாமல், ஒரே ஒரு சாதாரண பிராசசரில், சுமார் ஒரு மணி நேரத்தில். அதே ஆண்டு ரெயின்போ என்ற கையொப்ப முறையை உடைக்க ஒரு லேப்டாப்பும் ஒரு வாரக்கடைசியும் போதுமாக இருந்தன. பிட்காயினில் பிப்-360 போன்ற குவாண்டம் பாதுகாப்பு யோசனைகள் மெதுவாக நகர்வது பலருக்கு எரிச்சல் தருகிறது. எனக்கு அந்த நிதானத்தில் பாதி நியாயமாகவே படுகிறது.

மீதிப் பாதி, யாரும் அசைக்காத பழைய காயின்களை என்ன செய்வது என்ற சண்டையில் தேங்கி நிற்கிறது. திருடன் எடுக்கட்டும் என்று விடுவதா, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு முடக்குவதா? மற்றவர் சொத்தில் கை வைக்கக்கூடாது என்ற வாதத்தின் கனம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பல ஆண்டு முன்னறிவிப்பும், சீட்டை வைத்து மீட்கும் வழியும் கொடுத்துவிட்டு முடக்குவதுதான் வைத்திருப்பவர்களுக்குச் செய்யும் நியாயம் என்று நினைக்கிறேன். முடக்காமல் விட்டால் லட்சக்கணக்கான காயின்கள் முதலில் எந்திரம் கட்டியவன் கைக்குப் போகும்.

படி 5: அப்டேட்டை எப்படி நம்புவது

அந்தக் குழப்பத்தில் போலி அப்டேட்கள் கட்டாயம் வரும். உங்கள் வாலட்டைக் குவாண்டம் பாதுகாப்புக்கு மாற்றுகிறோம், சீட் வார்த்தைகளை இங்கே உள்ளிடுங்கள் என்று கேட்கும் எந்தப் பக்கமும் திருட்டுப் பக்கம்தான். ஹார்ட்வேர் வாலட்டின் திரையைத் தவிர வேறெங்கும் சீட்டைத் தட்டச்சு செய்யாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மென்பொருள் அசல்தானா என்று சரிபார்க்க நாம் பயன்படுத்தும் டெவலப்பர்களின் கையொப்பங்களும் ஆர்எஸ்ஏ அல்லது நீள்வட்ட வளைவு வகையைச் சேர்ந்தவையே. அவையும் அன்றைக்குச் சந்தேகத்துக்கு உரியவைதான். ஆகவே கையொப்பம் சரி என்று வந்ததோடு நிறுத்தாமல், கோப்பின் ஷா-256 மதிப்பை ஒப்பிடுங்கள். பிட்காயின் கோர் என்ற பிட்காயினின் முதன்மை மென்பொருள் வெளியீடுகளைப் பலர் தனித்தனியாகத் தங்கள் கணினியில் கட்டிப் பார்த்து, ஒரே ஹாஷ் வருகிறதா என்று உறுதிசெய்து வெளியிடுகிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு இடங்களில் அதே மதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். அதுவும் முதல் நாளே வேண்டாம். உங்கள் பப்ளிக் கீ மறைவில் இருந்தால் சில வாரங்கள் பொறுத்து, மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு, முதலில் சிறு தொகையை மட்டும் மாற்றிப் பாருங்கள்.